வேறொருவருடைய வருமானம்

அண்ணன் இந்நேரம் சாப்பிட்டு எழுந்திருப்பார், ஈரக்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே போனை எடுத்திருப்பார், வந்திருந்த செய்தி ஆங்கிலத்தில் இருந்ததால் கண்ணாடியைத் தேடியிருப்பார், கண்ணாடி வழக்கம்போல் ஃபிரிட்ஜ் மேலே இருந்திருக்கும், அண்ணி எடுத்துக் கொடுத்திருப்பாள். துளசிமணிக்கு அந்தக் கூடத்தில் நடப்பதெல்லாம் இங்கே உட்கார்ந்தபடியே தெரிந்தது. இருபது வருஷத்துக்கு மேலாக அந்த வீட்டு மாடியறையில் இருப்பவளுக்குத் தெரியாமல் என்ன. செய்தியில் ஒரு வரிதான் இருக்கும்: அவருடைய தங்கையின் வருமான வரிக் கணக்கில் இனி அவருடைய செல் நம்பர் இல்லை. சற்று முன்னால்தான் மெகருன்னிசா அந்த நம்பரை நீக்கிவிட்டு துளசிமணியின் நம்பரைப் போட்டாள். "பழைய நம்பருக்கும் ஒரு மெசேஜ் போகும்க்கா, அதை நம்மால நிறுத்த முடியாது" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் செய்தாள். போகட்டும் என்றாள் துளசிமணி. சொன்னபோது தைரியமாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு கம்ப்யூட்டர் திரையில் ஒரு சின்ன வட்டம் சுற்ற ஆரம்பித்து, இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஜூலை மாதத்துக் கடைசி சனிக்கிழமை, நாடு முழுக்க ஒரே வாசலில் முண்டியடிக்கிறது, வாசல் திறக்கவில்லை. தைரியத்தைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பதுதான் கஷ்டம், சூடு ஆறிப்போகிறது. ஈரோட்டில் நூல் கடைகள் நெருக்கமாக இருக்கும் ஒரு சந்தில், செங்குத்தான படி ஏறி வந்தால் இந்த அறை. ஒரு மேஜை, நாலு பிளாஸ்டிக் நாற்காலி, வேகமாகச் சுற்றி ஒன்றும் செய்யாத ஒரு மின்விசிறி. நர்ஸுகளுக்கும் வாத்தியார்களுக்கும் வரிக் கணக்குப் போட்டுக் கொடுப்பது மெகருன்னிசாவின் தொழில். ஜன்னல் வழியே சாயத்துணியின் காரமான வாடை வந்தது. அந்த வாடை அண்ணன் சட்டையிலும் இருக்கும். அவர் பின்னால் வந்து நிற்பதுபோல் ஒரு கணம் தோன்றி, துளசிமணி திரும்பிப் பார்த்தாள். சுவரில் ஒரு காலண்டர் மட்டும் இருந்தது.

பிரேமலதாவின் வாய் சும்மா இருந்திருந்தால் இதெல்லாம் ஆரம்பித்தே இருக்காது. தனியார் ஆஸ்பத்திரி ஒன்றின் ரத்த வங்கியில் துளசிமணி சீனியர் டெக்னீஷியன், பிரேமலதா அவளுக்கு அடுத்தவள், சம்பளத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. சம்பளச் சீட்டு போனிலேயே வர ஆரம்பித்த பிறகு அடுத்தவர் சீட்டை எட்டிப் பார்ப்பதும் சுலபமாகிவிட்டது. "ஏனுங்கக்கா, உங்களுக்கு மட்டும் எதுக்கு இத்தன வரி புடிக்கறாங்க? எங்கியாச்சும் பங்களா கட்டி வாடகைக்கு உட்டிருக்கறீங்களா?" என்று கேட்டாள் அவள். இரண்டு பேரும் சிரித்தார்கள். விசாரிக்கப் போனபோதுதான் அது தமாஷ் இல்லை என்று தெரிந்தது. கணக்குப் பிரிவில் ஃபைலைத் திறந்து காட்டினார்கள்: "நீங்கதான மேடம் எழுதிக் குடுத்திருக்கறீங்க, வாடகை வருமானம் இருக்குது, அதுக்கும் சேர்த்துச் சம்பளத்துல புடிச்சுக்கங்கன்னு." காகிதத்தின் அடியில் அவளுடைய கையெழுத்து, சந்தேகத்துக்கு இடமில்லாமல். பெருந்துறை ரோட்டில் அண்ணன் சென்னியப்பனுக்கு இரண்டு குடோன் உண்டு. குடோன்களின் பத்திரம் அவர் பேரில். வாடகை ஒப்பந்தம் துளசிமணி பேரில். வாடகை வந்து விழும் பேங்க் கணக்கும் துளசிமணி பேரில், அதன் பாஸ்புக்கும் கார்டும் அண்ணன் பீரோவில். வாடகைப் பணத்தில் ஒரு ரூபாயை அவள் கண்ணால் பார்த்தது கிடையாது, அதற்குண்டான வரி மட்டும் மாதாமாதம் அவள் சம்பளத்தில் போய்க்கொண்டிருந்தது. இதைத் திருட்டு என்று சொன்னால் அவள் சொந்தபந்தத்தில் யாருக்கும் புரியாது. மச்சினன் பேரில் லாரி, மாமியார் பேரில் காடு, கல்யாணமாகாத தங்கை பேரில் வாடகை. குடிக்கத் தண்ணீர் கொடுப்பது மாதிரிதான் பேரைக் கொடுப்பதும். யாரும் ரசீது கேட்பதில்லை. ஒரு தீபாவளிக்குச் சேலையோடு மாடி ஏறி வந்த அண்ணன், "இதுல ஒரு கையெழுத்துப் போடு அம்மிணி, ஆடிட்டர் கேக்கறாரு" என்றார். சேலை நல்ல சேலை, அரக்குச் சிவப்பு. அவள் சேலையைப் பார்த்துக்கொண்டே போட்டாள். அதே கை ரத்த வங்கியில், ரத்தப் பையின் எண்ணையும் நோயாளியின் பேரையும் ரத்த வகையையும் இரண்டு பேர் வாய்விட்டுப் படிக்காமல் ஒரு புள்ளி வைக்காது. ஒருவருடைய ரத்தம் இன்னொருவர் பேரில் போய்விடக்கூடாது என்பதற்குத்தான் அவளுக்கு அங்கே சம்பளமே. அந்தச் சம்பளத்தில்தான் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"வந்துருச்சா?" என்று அடுத்த நாற்காலியிலிருந்து குரல் வந்தது. மாரப்பன், ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர், மஞ்சள் பை, காதோரம் நரைமுடி. மெகருன்னிசா திரையைவிட்டுக் கண்ணெடுக்காமல், "இல்லீங்கய்யா. இந்த சர்வர் எங்க மாமியா மாதிரி. கூப்பிட்டா வராது, நாம செருப்பை மாட்டிட்டுக் கெளம்பினா வந்து நிக்கும்" என்றாள். "அப்படின்னா ஒருக்காக் கெளம்பற மாதிரி எந்திரிச்சு நில்லு கண்ணு." "நின்னு பாத்துட்டனுங்க. அதுக்கும் வர்ல." மாரப்பன் துளசிமணி பக்கம் திரும்பினார். "உங்களுக்கு வாங்கறதா, கட்டறதா?" "வாங்கறதுங்க" என்றாள் அவள், சொல்லலாமா என்று யோசிப்பதற்குள். "கெட்டிக்காரிதான் போங்க. எனக்குப் போன வருஷம் பத்து ரூபா ரீபண்டு வந்துச்சு. பேங்க் சீட்டைப் பிரேம் போட்டு மாட்டலாமுன்னு இருந்தேன், பிரேம் எம்பது ரூபாங்கறான்." மெகருன்னிசா சிரித்தாள். துளசிமணியும் சிரித்தாள், ஆனால் சிரிப்பு பாதியிலேயே எங்கோ சிக்கிக்கொண்டது. வாங்கறது. அந்தச் சொல் நன்றாகத்தான் இருந்தது. அவள் இதுவரை யாரிடமிருந்தும் ஒன்றையும் திரும்ப வாங்கியதில்லை. கொடுத்திருக்கிறாள், கொடுக்கப்பட்டதைப் பெற்றுக்கொண்டிருக்கிறாள், சேலை, மாடியறை, பண்டிகை நாளில் கறி. திரும்ப வாங்குவது வேறு மாதிரி வேலை, அதற்கு முதலில் அது தன்னுடையதாக இருந்திருக்க வேண்டும். இந்த வருஷத்துக்கு வர வேண்டியது ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே என்று மெகருன்னிசா கணக்குப் போட்டு வைத்திருந்தாள். பழைய வருஷங்களுக்கு மனுப் போட்டுப் பார்க்கலாம், கிடைக்கும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன் என்றும் சொன்னாள். ஒரு லட்சம் என்றால், ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில் ஓர் அறை, ஓர் அடுப்படி, பின்னால் துணி காயப்போட இடம், அதற்கான முன்பணம். வீட்டுக்காரம்மாள் பார்த்தவுடனே ஒத்துக்கொண்டாள், ஆஸ்பத்திரிக்காரி என்றால் வாடகை தவறாது என்று. ஆனால், "ஆடி போகட்டுங்க. ஆவணி பொறந்ததும் பாலைக் காச்சுங்க. ஆடியில குடி வெக்கறதில்ல" என்றாள். இப்போது ஆடி நடுவில் நிற்கிறது. இன்றைக்கு இந்தக் காரியம் முடிந்து, இன்றைக்கே அண்ணன் கதவைச் சாத்தினால், ஆவணி பிறக்கும்வரை அவளுக்கு வீடு தர இந்த ஊரில் ஆள் கிடையாது. ஆடி முடிந்த பிறகு செய்யலாம் என்றால் கெடு ஜூலையோடு முடிகிறது. அரசாங்கத்துக்கு ஆடி கிடையாது.

வட்டம் சுற்றியது. மெகருன்னிசா பக்கத்து அறைக்குப் போய் யாருக்கோ நகல் எடுத்துக்கொண்டிருந்தாள், இயந்திரத்தின் வெளிச்சம் கதவிடுக்கில் வந்து வந்து போயிற்று. காட்டிக்கொடுத்தவள் என்று சொல்வார்கள். யார் சொல்வார்கள்? முதலில் அண்ணி, பிறகு சின்னம்மா மகள்கள், பிறகு கோயில் சாட்டுத் திருவிழாவின்போது வரிசையில் நிற்கும் பெண்கள், மெதுவாக, காதில் விழும் அளவுக்கு. கூடப் பிறந்தவனைக் காட்டிக்கொடுத்தவள். எதைக் காட்டிக்கொடுத்தாள்? தன் சம்பளச் சீட்டை. அதைக் காட்டினால் அதற்குப் பின்னால் அவர் நிற்கிறார், அவ்வளவுதான், அவள் நிறுத்தவில்லை. ஆனால் கையெழுத்து? அதிகாரி ஒருவர் கூப்பிட்டுக் கேட்டால்? வருமான வரி அதிகாரி யாரையும் அவள் பார்த்ததில்லை. அவளுக்குத் தெரிந்த ஒரே அதிகாரி ரத்த வங்கியைச் சோதனையிட வரும் மருந்து ஆய்வாளர். அதனால் மனசுக்குள் கேள்வி கேட்க வந்தவரும் அவர் முகத்தையே போட்டுக்கொண்டு வந்தார், ரத்தம் வைக்கும் குளிர்பெட்டியைத் திறந்தார், பைகளைப் புரட்டினார், ஒரு பையை எடுத்து, இது யாருடையது என்றார். என் அண்ணனுடையதுங்க. உங்க பேர் ஒட்டியிருக்குதே? நான்தான் ஒட்டினேனுங்க. தெரிஞ்சா, தெரியாமலா? தெரியாமல் என்று சொன்னால் பொய், தெரிந்து என்று சொன்னாலும் பொய். சேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதுதான் உண்மை, அதை எழுதிக்கொள்ள எந்த அதிகாரியிடமும் இடம் இருக்காது. அண்ணன் கல்யாணம் ஞாபகம் வந்தது. இணைச்சீர் செய்தது இவள்தான். தாலி கட்டுவதற்கு முன்னால் மாப்பிள்ளையோடு அவன் உடன்பிறந்தாளை நிறுத்திச் செய்யும் சீர், அவர்கள் பக்கத்தில் அது இல்லாமல் கல்யாணம் கிடையாது. மடித்த கூறைச்சேலையின் ஒரு முனை அண்ணன் கையில், மறுமுனை இவள் கையில். உனக்கு எத்தனை வந்தாலும் கூடப் பிறந்தவளுக்கு அதில் ஒரு பங்கு உண்டு என்று அதற்கு அர்த்தம் சொன்னார்கள். மேளம் காதைக் கிழித்தது, அண்ணன் உள்ளங்கை வேர்த்திருந்தது, அவர் அவள் பக்கம் குனிந்து, "பயமா இருக்குது அம்மிணி" என்றார். அந்த ஆள் நல்ல ஆள். அந்த ஆளைத்தான் இப்போது நினைக்கக்கூடாது. அவளுக்கு ஜாதகம் பொருந்தாமல் போனபோது, அப்புறம் அப்பாவுக்கு உடம்புக்கு முடியாமல் போனபோது, அப்புறம் தறிக்கடன் நெருக்கியபோது, அப்புறம் யாரும் அந்தப் பேச்சையே எடுக்காமல் விட்டபோது, சேலையின் மறுமுனையை அவள் பிடித்துக்கொண்டுதான் இருந்தாள். பங்கு வந்தது. வரியில் வந்தது.

போன் அதிர்ந்தது. மடியிலிருந்த கைப்பைக்குள் அது துடித்தது தொடைவரைக்கும் தெரிந்தது. எடுக்கவில்லை. நின்றது. மறுபடி அதிர்ந்தது. மாரப்பன் கைப்பையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிறகு நாகரிகமாக மின்விசிறியைப் பார்த்தார். அண்ணன் ஆடிட்டரிடம் கேட்டிருப்பார், ஆடிட்டர் விளக்கியிருப்பார். இதுவரைக்கும் அவளுக்கு வர வேண்டிய ரகசிய எண்கள் எல்லாம் அவர் போனுக்குத்தான் போயின. அவள் ஆதார் எடுக்கப் போனது மட்டும் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக, அதனால் அதில் மட்டும் அவள் நம்பர். அந்த ஒரு விரிசல் வழியாகத்தான் மெகருன்னிசா உள்ளே புகுந்து மற்றதை மாற்றினாள். கேஸ் சிலிண்டர், பேங்க், வரி, தடுப்பூசி, எல்லாவற்றுக்கும் அண்ணன் நம்பர். ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவள் தடுப்பூசிக்குப் பதிய, துணிக்கடையில் உட்கார்ந்திருப்பவரைக் கூப்பிட வேண்டியிருந்தது. "இரு அம்மிணி, யாவாரத்துல இருக்கறேன்" என்பார். காத்திருந்தால், ஒவ்வொரு எண்ணாக, பிச்சை போடுகிற நிதானத்தில் சொல்வார். அப்போது அது கோபமாகத் தோன்றவில்லை. நமக்கு ஒரு ஆள் இருக்கிறது என்றுதான் தோன்றியது. பிரேமலதாவுக்குப் புருஷன், மற்றவர்களுக்கு மகன், எனக்கு அண்ணன் என்று. நாளைக்கு அந்த ஆள் இருக்கமாட்டார். பின்தெரு வீட்டில் காய்ச்சலில் கிடந்தால் யார் கதவைத் தட்டுவார்கள்? உள்தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு தூங்குவதா, போடாமல் தூங்குவதா? போட்டால் யாரும் திறக்க முடியாது, போடாவிட்டால் யாரும் திறக்கலாம். இதை அவள் பல நாளாக யோசித்து வருகிறாள், முடிவு வரவில்லை. மாடியறையில் மட்டும் காய்ச்சலில் கதவைத் தட்டியது யார்? போன மார்கழியில் நாலு நாள் கிடந்தாள். அண்ணி கீழேயிருந்து, "கஞ்சி வெச்சிருக்கறேன், வந்து எடுத்துக்க" என்று கத்தினாள். துளசிமணி இறங்கிப் போய் எடுத்துக்கொண்டாள். சாப்பாட்டுக்கென்று மாதம் பிறந்ததும் கொடுக்கும் பணத்தை அந்தக் காய்ச்சலோடுதான் கொடுத்தாள், அண்ணி எண்ணித்தான் வாங்கினாள். அப்படியென்றால் தாழ்ப்பாள் பிரச்சினை இல்லை. போட்டுக்கொண்டே தூங்கலாம்.

"அக்கா, வந்துருச்சு! நவுராதீங்க, மூச்சு உடாதீங்க" என்று ஓடிவந்து உட்கார்ந்தாள் மெகருன்னிசா. வட்டம் போய், திரையில் கட்டங்கள் வந்திருந்தன. அரசாங்கத்துக்கு அவளைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அங்கே வரிசையாக நின்றது: ஆஸ்பத்திரி கொடுத்த சம்பளம், சேமிப்புக்கு வந்த வட்டி, அதற்குக் கீழே குடோன்களை வாடகைக்கு எடுத்திருக்கும் கம்பெனியின் பேரும் அது கொடுத்த வாடகையும். மெகருன்னிசா வாடகை இருந்த கட்டத்தின் ஓரத்தைத் தொட்டதும் ஒரு சின்னப் பட்டியல் கீழே இறங்கியது. "பாருங்க. இந்தத் தகவல் சரின்னு ஒண்ணு. அதைத் தொட்டா பழைய கதைதான். இப்படி ஒண்ணு எனக்குத் தெரியவே தெரியாதுன்னு ஒண்ணு. அதைத் தொட்டா கம்பெனிக்காரனைக் கேப்பாங்க, அவன் உங்க கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தைத் தூக்கிக் காட்டுவான், நீங்க பொய்க்காரி ஆயிருவீங்க. மூணாவது, இது என்னோட வருமானம் இல்ல, வேற ஒருத்தரோடதுன்னு. அதுதான் நெசம். அதைத் தொட்டா அந்த ஒருத்தரோட பான் நம்பரைக் கேக்கும்." "பேரைக் கேக்காதா?" "பேரு எதுக்குங்கக்கா, நம்பரே போதும்." பத்து எழுத்தும் எண்ணும். பத்திர நகலில் அது இருந்தது. அண்ணன் பீரோவில் வைப்பதற்குமுன் ஒரு பிரதியை இவளிடம், "பத்திரமா வெய்யி" என்று கொடுத்திருந்தார், அவளை நம்பி. அவர் நம்பினார் என்பது உண்மை. கேட்கமாட்டாள் என்று நம்பினார். சம்பளச் சீட்டைப் படிக்கமாட்டாள், படித்தாலும் புரியாது, புரிந்தாலும் வாயைத் திறக்கமாட்டாள், திறந்தாலும் போக இடமில்லை என்று அடுக்கடுக்காக நம்பினார். இத்தனை நம்பிக்கையை ஒரு மனுஷி எத்தனை நாளைக்குச் சுமப்பது? போன் மறுபடி துடித்தது. "எடுத்துப் பேசிருங்கக்கா" என்றாள் மெகருன்னிசா, குரலைத் தாழ்த்தி. "பேசிட்டுத் தொடறதுன்னாலும் சரி, பேசிட்டு வேண்டாம்னாலும் சரி. ஆனா சீக்கிரம். சர்வர் மறுபடி போயிருச்சுன்னா நான் பொறுப்பில்ல."

"சொல்லுங்கண்ணா." "எங்க இருக்கற?" "வெளிய இருக்கறேனுங்க." "அது எனக்குத் தெரியும். நம்பரை மாத்தினயா?" "மாத்தினேனுங்க." பின்னால் டிவியில் யாரோ சிரித்தார்கள். அண்ணன் கத்தவில்லை. கத்தினால் சுலபமாக இருந்திருக்கும். "ஏன் அம்மிணி, எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கறதில்லையா? உனக்குப் புடிச்ச பணம் எவ்வளவு, சொல்லு. சாயந்தரம் கையில குடுத்தர்றேன். நோட்டாக் குடுக்கறேன்." அது அவள் எதிர்பார்க்காதது. ஒரு கணம் முன்பணம், பின்தெரு வீடு, துணி காயும் கொடி எல்லாம் நோட்டுக்கட்டாக மாறி அவர் கையில் இருந்தது. வாங்கிக்கொள்ளலாம், யாருக்கும் பேச்சில்லை, கோயில் சாட்டில் வரிசையில் நிம்மதியாக நிற்கலாம். அடுத்த தீபாவளிக்கு ஒரு சேலை வரும், சேலைக்கடியில் ஒரு காகிதம் இருக்கும். "அதை எதுக்குங்கண்ணா நீங்க குடுக்கறீங்க? அது எங்காசு. நான் வாங்கிக்கறேன்." "யாருகிட்ட?" "எடுத்தவங்ககிட்ட." "அரசாங்கம் சும்மா குடுத்துருமா? ஆடிட்டரு சொல்லிட்டாரு, எம்மேல நோட்டீசு வருமாம். வட்டியோட, அபராதத்தோட. புதுத் தறிக்கு லோன் போட்டிருக்கறேன், இந்த நேரத்துல நோட்டீசு வந்தா பேங்க்காரன் கிட்டச் சேப்பானா? எவளோ ரெண்டு எழுத்துப் படிச்சவ சொன்னான்னு கூடப் பொறந்தவனைத் தெருவுல நிறுத்தறயா?" மெகருன்னிசாவுக்கு அது கேட்டிருக்க வேண்டும், புருவத்தை உயர்த்தி, விரலால் இரண்டு என்று காட்டிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு துளசிமணிக்குத் தெம்பாக இருந்தது. பின்னாலிருந்து அண்ணியின் குரல், போனுக்காகவே உயர்த்தியது: "கேளுங்க, இத்தன வருசமா யாரு ஊட்டுச் சோத்தைத் திங்கறான்னு கேளுங்க!" "அண்ணிகிட்டச் சொல்லுங்கண்ணா, ஒண்ணாந்தேதி ஒண்ணாந்தேதி காசு குடுத்துத்தான் தின்னேன்னு." இப்படி ஒரு வாக்கியம் தன் வாயிலிருந்து வரும் என்று அவளுக்கே தெரியாது. மாரப்பன் தன்னையறியாமல், "சபாஷ்" என்றார், பிறகு இருமினார். அவள் மெகருன்னிசாவைப் பார்த்துத் தலையசைத்தாள். மூன்றாவது வரி நீலமாயிற்று. கைப்பையிலிருந்து பத்திர நகலை ஒரு கையால் எடுத்து விரித்து, அண்ணனின் பான் நம்பர் இருந்த இடத்தில் விரல் வைத்துக் காட்டினாள். மெகருன்னிசா தட்டினாள். ரத்த வங்கிப் பழக்கத்தில் துளசிமணி ஒவ்வோர் எழுத்தையும் திரையில் சரிபார்த்தாள், உதடு மட்டும் அசைந்தது. சரியாக இருந்தது.

"என்ன பண்றே? பேசு" என்றார் அண்ணன். "உன்னை என்னிக்காச்சும் வேத்து மனுசியா நெனச்சிருக்கறேனா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லு." "இல்லீங்கண்ணா" என்றாள் அவள். அது உண்மை. வேற்று மனுஷியாக நினைத்திருந்தால் அவள் பேருக்கு வாடகை கொடுத்திருப்பார். இதைச் சொன்னால் பேச்சு வளரும், சர்வர் போய்விடும். இனி ஒன்றுதான் பாக்கி: சம்பளம் மட்டும் காட்டி மெகருன்னிசா தயாராக வைத்திருந்த கணக்கை அனுப்பி, அனுப்புவது துளசிமணிதான் என்று ஊர்ஜிதம் செய்ய வேண்டும். மெகருன்னிசா ஒரு பொத்தானை அழுத்தினாள். காதோடு ஒட்டியிருந்த போன் ஒரு தடவை அதிர்ந்தது. "நம்பர் வந்திருக்குதுக்கா, சொல்லுங்க." பார்க்க வேண்டுமானால் போனைக் காதிலிருந்து எடுக்க வேண்டும். எடுத்தாள். அண்ணனின் குரல் சிறிதாகி, உள்ளங்கையில் ஒரு வண்டு மாதிரி பேசிக்கொண்டிருந்தது, அப்பாவைப் பற்றி, அப்பா இருந்திருந்தால் என்பதைப் பற்றி. போன் திரையின் மேல்பக்கத்தில் ஆறு எண்கள் வந்து நின்றன. கண்ணாடி போடாமலே தெரிந்தது. அவள் குரலைத் தாழ்த்தவில்லை, ரத்தப் பையின் எண்ணை எதிரிலிருப்பவளுக்குப் படிக்கும் அதே சத்தத்தில் படித்தாள்: "நாலு. ஒண்ணு. ஒம்போது. ஒம்போது. பூஜ்யம். ஏழு." மெகருன்னிசா திருப்பிச் சொன்னாள்: "நாலு, ஒண்ணு, ரெண்டு ஒம்போது, பூஜ்யம், ஏழு." "சரி" என்றாள் துளசிமணி. உள்ளங்கையில் குரல் நின்றிருந்தது. கம்ப்யூட்டர் திரையில் பச்சையாக ஒரு குறி விழுந்தது. மாரப்பன், "அடுத்தது நானு" என்று மஞ்சள் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். அவள் போனைக் காதுக்குக் கொண்டுபோனாள்.

"அனுப்பிட்டயா?" "அனுப்பிட்டேனுங்க." "சரி. அப்படின்னா மாடிச் சாவியக் கொண்டாந்து அண்ணிகிட்டக் குடுத்துரு. இனி இங்க உனக்கு வேலையில்ல." குரல் உடைந்திருந்தது. உடைந்ததை மறைக்க அவர் தொண்டையைச் செருமினார். அவள் காரியத்தைக் கணக்குப் போட்டாள். டூட்டி ரூமில் இரண்டு கட்டில், ஒன்று எப்போதும் காலி. ஆடி முடியும்வரை இரவு டூட்டியைத் தனக்கே போட்டுக்கொள்ளச் சொன்னால் பிரேமலதா கையெடுத்துக் கும்பிடுவாள். குளிக்க வெந்நீர் உண்டு, கேன்டீனில் இட்லி உண்டு. பெட்டி இரண்டு, தலையணை ஒன்று. ஒரு ஆட்டோ போதும். "சாவி கதவுலயே தொங்குதுங்கண்ணா. சாமானுக்கு நாளைக்கு ஆட்டோ அனுப்பறேன்." அவர் இதை எதிர்பார்த்திருக்கவில்லை. அழுவாள், அல்லது சண்டை போடுவாள், இரண்டில் ஒன்றுக்குத் தயாராக இருந்திருப்பார். "ஆடி மாசம் அம்மிணி" என்றார், திட்டுகிற குரலில் ஆரம்பித்து, வாக்கியம் முடிவதற்குள் வேறு மாதிரி ஆகிவிட்டது. "ஆடி மாசத்துல ஒரு பொம்பளைக்கு எவன் ஊடு குடுப்பான்? எங்க போவே நீ?"

"டூட்டிக்குங்கண்ணா" என்றாள் துளசிமணி. மெகருன்னிசாவுக்குக் கொடுக்க வேண்டியதை மேஜைமேல் வைத்தாள், செருப்பை மாட்டிக்கொண்டாள், படியிறங்கினாள்.